கதவைப் பூட்டும் காற்று
மோட்டார் வண்டியின் வெற்றிடப் பூட்டைப் பாதுகாப்பாகச் சோதிக்கும் முறை

காற்றுக்கு எடை உண்டு. அது எல்லாப் பக்கங்களிலும் அழுத்துகிறது. இவ்வுண்மையை ஆரம்பப் பள்ளியிலேயே நாம் கற்பிக்கிறோம். நீர் நிரம்பிய கோப்பையை அட்டையால் மூடித் தலைகீழாகப் பிடித்துக் காட்டாத விஞ்ஞான ஆசிரியர் அரியர். ஆயினும் அதே உண்மை பட்டறையில் ஒரு பழுதின் வடிவில் வந்து நிற்கும்போது, அதனைப் பாடத்தோடு இணைத்துப் பார்ப்பவர் சிலரே. மோட்டார் வண்டியின் கதவுகளைக் காற்றழுத்த வேறுபாட்டினால் பூட்டித் திறக்கும் அமைப்பு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு. இதனை முறைப்படி சோதிக்கத் தெரிந்தவர் காற்றழுத்தப் பாடத்தைக் கையினால் கற்றவர் ஆவார். முறை அறியாது கைவைப்பவரோ, சிறு கசிவொன்றைத் தேடப்போய் ரப்பர்த் திரைகளைக் கிழித்துவிடலாம். பிரேக்கின் உதவிச் சக்தியைக் குலைத்துவிடலாம். ஒருவரை வண்டிக்குள் அடைத்தும் விடலாம்.

வாகனங்களைப் பராமரிக்கும் களப் பணியாளர்க்கும், தொழிற் பயிற்சி நிலையங்களின் ஆசிரியர்க்கும் பயன்படும் வகையில் இச்சோதனையை ஈண்டு விளக்குவோம். பெங்களூரை நிலைக்களமாகக் கொண்டுள்ளோம். அந்நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதே அதற்குக் காரணம். அவ்வுயரம் சோதனையின் எண்களை எவ்வாறு மாற்றுகிறது என்பது இப்பாடத்தின் முக்கியப் பகுதியாகும்.

இவ்வமைப்பு உள்ள வண்டிகள்

வெற்றிடத்தால் இயங்கும் மையப் பூட்டு, ஜெர்மானிய மெர்ஸிடஸ்-பென்ஸ் வண்டிகளில் பல ஆண்டுகள் வழங்கியது. 1976இல் வெளிவந்து 1980களின் நடுப்பகுதி வரை தயாரிக்கப்பட்ட டபிள்யூ 123 என்னும் வகையில், எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடமே கதவுகளையும் டிக்கியையும் எரிபொருள் வாய் மூடியையும் பூட்டிற்று. அதனையடுத்து வந்த டபிள்யூ 124 வகையில், எஞ்சினைச் சாராமல் தனியே ஒரு சிறு மின்சாரப் பம்பு இவ்வேலையை ஏற்றது. 1994இல் மெர்ஸிடஸ்-பென்ஸ் நிறுவனம் இந்தியாவில் தொடங்கப்பட்டு, 1995 முதல் புனாவில் டபிள்யூ 124 வண்டிகள் பூட்டி முடிக்கப்பட்டன. ஆதலின் இவ்வமைப்பு நம் நாட்டுப் பட்டறைகளுக்கு அந்நியமானதன்று. பின்னர் வந்த வண்டிகளில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சிறு மின்மோட்டார் வைக்கப்பட்டது. வெற்றிடப் பூட்டு வழக்கொழிந்தது. எனினும் பழைய வண்டிகளைப் பேணுவோர் இன்றும் உளர். அவர்கள் பட்டறைக்கு வரும்போது, இம்முறையைக் கற்றிராத இளம் தொழிலாளர் திகைப்பது இயல்பே.

வேலை செய்யும் விதம்

ஒவ்வொரு கதவின் உட்புறத்திலும் பூட்டோடு இணைந்து ஒரு சிறு பெட்டி உள்ளது. அதன் நடுவே ரப்பர்த் திரை ஒன்று விரிந்து பெட்டியை இரு அறைகளாகப் பிரிக்கிறது. திரையின் மையத்தில் பொருத்திய கம்பி, பூட்டின் நெம்புகோலைப் பற்றியுள்ளது. இதனைத் திரைப்பெட்டி எனக் குறிப்போம். ஓர் அறையிலுள்ள காற்றை உறிஞ்சினால், மறு அறையிலுள்ள வெளிக்காற்று திரையை அப்பக்கம் தள்ளும்; பூட்டு விழும். மறு அறையை உறிஞ்சினால் திரை திரும்பும், பூட்டு எழும். ஆகவே டபிள்யூ 123 வகையில் பூட்டுவதற்கு ஒரு குழாயும் திறப்பதற்கு ஒரு குழாயுமாக இரு குழாய்கள் செல்கின்றன.

ஓட்டுநர் கதவில் சாவியைத் திருப்பும்போது அங்குள்ள வால்வு, வெற்றிடத்தை இவ்விரு குழாய்களுள் ஒன்றிற்கு அனுப்புகிறது. மற்றதை வெளிக்காற்றுக்குத் திறந்துவிடுகிறது. எஞ்சின் நின்ற பின்னும் சில முறை பூட்டித் திறக்கும் பொருட்டு, வெற்றிடத்தைத் தேக்கி வைக்கும் சேமக்கலம் ஒன்று உண்டு. தேங்கிய வெற்றிடம் எஞ்சின் பக்கம் திரும்பிப் போய்விடாதபடி ஒருவழி வால்வு ஒன்று இடையே காவல் இருக்கிறது.

பெட்ரோல் எஞ்சினில் உறிஞ்சு குழாயிலேயே வெற்றிடம் கிடைக்கிறது. டீசல் எஞ்சினின் உறிஞ்சு குழாயில் அத்தகைய அடைப்பு இல்லாமையால் தக்க வெற்றிடம் தோன்றுவதில்லை. எனவே எஞ்சினால் இயங்கும் வெற்றிடப் பம்பு ஒன்று தனியே பொருத்தப்படுகிறது.

டபிள்யூ 124 வகையின் மின்சாரப் பம்பு சற்று வேறானது. அது பூட்டும்போது காற்றை உறிஞ்சுகிறது. திறக்கும்போது மெல்லிய அழுத்தத்துடன் காற்றைச் செலுத்துகிறது. அமைப்பில் கசிவு இருப்பின் அப்பம்பு வழக்கத்தினும் நெடுநேரம் ஓடும். பின்னிருக்கைப் பக்கம் காதை வைத்தாலே அவ்வொலி கேட்கும்.

இங்கு ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். இவ்வமைப்பில் காற்று செய்வது உதவி மட்டுமே. கதவைப் பிடித்து நிற்பது இரும்புப் பூட்டே. வெற்றிடம் முற்றும் போய்விட்டாலும், ஒவ்வொரு கதவின் பூட்டுக் குமிழையும் கையால் எழுப்ப முடிய வேண்டும்; ஓட்டுநர் கதவைச் சாவியால் திறக்க முடிய வேண்டும். இரயில் வண்டிகளில் நெடுங்காலம் பயன்பட்ட வெற்றிட பிரேக்கில், வெற்றிடம் அழிந்தால் பிரேக் தானே விழும். ஆபத்து வரும்போது வண்டி நிற்கும். கதவுப் பூட்டிலோ, வெற்றிடம் அழிந்தால் பூட்டு இருந்த நிலையிலேயே இருந்துவிடும். பூட்டிய நிலையில் அழிந்தால் பூட்டியபடியே நிற்கும். ஆதலின் கையால் திறக்கும் வழி பழுதின்றி இருக்கிறதா என்பதே முதற்சோதனை ஆதல் வேண்டும்.

பெங்களூர்க் காற்றும் சென்னைக் காற்றும்

1643இல் டாரிசெல்லி கண்ட பாதரசக் குழாயைப் பாஸ்கலின் மைத்துனர் பெரியே 1648இல் பிரான்சு நாட்டின் புய்-த-டோம் மலைமேல் ஏற்றிச் சென்றார். அடிவாரத்திலிருந்து உச்சிக்குச் சென்றபோது பாதரசம் எட்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக இறங்கிற்று. சென்னையிலிருந்து பெங்களூருக்கு வரும் வண்டியும் ஏறக்குறைய அதே சோதனையைத் தானறியாமல் செய்கிறது. கடற்கரையில் சுமார் 760 மில்லிமீட்டராக உள்ள காற்றழுத்தம், பெங்களூரில் சுமார் 680 மில்லிமீட்டராகவும், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் சுமார் 580 மில்லிமீட்டராகவும் குறைகிறது. ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலப் பாதரசம் குறையும் என்பது களப்பணிக்குப் போதுமான கணக்கு.

பட்டறையிலுள்ள வெற்றிடமானி என்ன காட்டுகிறது? உள்ளே எவ்வளவு காற்று எஞ்சியுள்ளது என்பதை அது காட்டுவதில்லை. வெளிக்காற்றுக்கும் உட்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டையே காட்டுகிறது. ஒரு பம்பு உள்ளிருக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கை அகற்ற வல்லது எனக் கொள்வோம். சென்னையில் அது 760இல் ஐந்தில் நான்காகிய 608 மில்லிமீட்டர் காட்டும். அதே பம்பு பெங்களூரில் 544 மட்டுமே காட்டும். உதகையில் 464 தான் காட்டும். பம்பில் ஒரு குறையும் இல்லை. வெளியே தள்ளுவதற்கு இருக்கும் காற்றுதான் குறைந்துள்ளது. சென்னையில் தொழில் கற்றவர் 600ஐ எதிர்பார்த்துப் பெங்களூரில் 544ஐக் கண்டு, நல்ல பம்பைக் கழற்றி எறிந்துவிட்டால் வண்டிக்காரருக்கு வீண் செலவு. உண்மைக் கசிவும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

மறுதலையாக, பெங்களூரில் ஒரு வெற்றிடமானி 700 மில்லிமீட்டர் காட்டுமாயின் அது பொய் சொல்கிறது என்று அறியலாம். அந்நகரில் எக்கருவியாலும் சுமார் 680 மில்லிமீட்டருக்கு, அதாவது 27 அங்குலத்திற்கு, மேல் வெற்றிடம் உண்டாக்க இயலாது.

வானிலை அறிக்கையைப் பார்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்வறிக்கைகளில் வரும் அழுத்தம் பெரும்பாலும் கடல் மட்டத்திற்கு மாற்றிக் கணக்கிடப்பட்டது. பெங்களூருக்கு 1,010 மில்லிபார் என்று அதில் கண்டால், வண்டி நிற்கும் இடத்தில் அவ்வழுத்தம் இருப்பதாகக் கொள்ளலாகாது. அங்கு உண்மையில் உள்ளது ஏறக்குறைய 910 மில்லிபாரே.

இழுவிசைக் கணக்கு

ஒரு மில்லிமீட்டர் பாதரசம் சதுர சென்டிமீட்டருக்கு 1.36 கிராம் அழுத்தம் தரும். திரையின் குறுக்களவு 4 சென்டிமீட்டர் என எடுத்துக்கொண்டால் அதன் பரப்பு 12.57 சதுர சென்டிமீட்டர். 400 மில்லிமீட்டர் வெற்றிடத்தில் திரையை இழுக்கும் விசை 400 × 1.36 × 12.57; அதாவது ஏறக்குறைய 6.8 கிலோகிராம். பூட்டின் நெம்புகோலை அசைக்க இது போதும்.

பெங்களூரில் கிடைக்கக்கூடிய முழு வெற்றிடமாகிய 680 மில்லிமீட்டரையும் அத்திரைமேல் செலுத்தினால் விசை 11.6 கிலோகிராம். அதற்குமேல் ஒரு கிராமும் ஏறாது. வெளிக்காற்றின் எடையே அதற்கு எல்லை. வெற்றிடச் சோதனை இயல்பாகவே அடக்கமானது என்று சொல்வது இதனால்தான்.

இப்போது ஒருவர், காற்றடிக்கும் கம்பரஸர் அருகில் இருக்கிறதே என்று அதன் குழாயை இவ்வமைப்பில் செருகுகிறார் எனக் கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோகிராம் அழுத்தம் அக்கலத்தில் சாதாரணமாக இருக்கும். அவ்வழுத்தம் அதே திரைமேல் 88 கிலோகிராம் விசையாக விழும். நன்கு வளர்ந்த ஒரு மனிதனின் எடை அது. திரை கிழியும், பெட்டியின் மூட்டு பிளக்கும், சிதறும் துண்டு கண்ணில் படவும் கூடும். ஒரு கசிவைத் தேடிய இடத்தில் ஐந்து கசிவுகள் உண்டாகும். வெற்றிடப் பூட்டைக் கம்பரஸர் காற்றினால் ஒருபோதும் சோதிக்கலாகாது.

சோதனைக்கு முன்

தேவையான கருவிகள் சில: வெற்றிடமானி பொருத்திய கைப் பம்பு, குழாய்களின் அளவுக்கேற்ற ரப்பர் அடைப்பான்கள், ஒரு டி இணைப்பு, கடிகாரம், குறிப்பேடு. அவற்றைக் கொண்டு தொடங்குமுன் கீழ்க்கண்டவற்றைச் செய்து முடிக்க வேண்டும்.

1. வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப் பிரேக் இடுக. எஞ்சினை நிறுத்தி, அது ஆறும்வரை காத்திருக்க.

2. முன்கதவுக் கண்ணாடிகளை முழுவதும் இறக்கிவிடுக. டிக்கியைத் திறந்து வைக்க. சாவி சோதிப்பவரின் சட்டைப் பையில் இருத்தல் வேண்டும். வண்டிக்குள் இருத்தல் கூடாது.

3. வண்டிக்குள் எவரும், குறிப்பாகக் குழந்தைகள், இல்லை என்பதைக் கண்ணால் கண்டு உறுதி செய்க. பெங்களூரின் மிதமான வானிலையை நம்பி இதனைத் தளர்த்தலாகாது. 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மிதமான வெப்பமுள்ள நாட்களிலும் வெயிலில் மூடி நிற்கும் வண்டியின் உட்சூடு ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்ஸியஸ் ஏறுவதையும், அவ்வேற்றத்தின் பெரும்பகுதி முதல் அரைமணிக்குள்ளேயே நிகழ்வதையும் காட்டிற்று.

4. கதவின் உட்பலகையைக் கழற்றவேண்டின், மின்சாரக் கண்ணாடி உள்ள வண்டியில் முதலில் பாட்டரியின் இணைப்பை நீக்குக. மேலேறும் கண்ணாடியும் நெம்புகோலும் விரலை நசுக்க வல்லவை.

5. கழற்றும் ஒவ்வொரு குழாய்க்கும் அடையாளச் சீட்டு கட்டுக. பூட்டும் குழாயும் திறக்கும் குழாயும் இடம் மாறினால், ஒரு கதவு பூட்டும்போது மற்றொன்று திறக்கும்.

சோதிக்கும் வரிசை

முதலாவது, கருவியைச் சோதிக்க. கைப் பம்பின் குழாய் முனையை அடைப்பானால் மூடி 400 மில்லிமீட்டர் வரை இழுத்து ஐந்து நிமிடம் விடுக. முள் இறங்கினால் கசிவு பம்பிலேயே உள்ளது. இதனைச் செய்யாமல் வண்டியைக் குறை கூறுதல் முறையன்று.

இரண்டாவது, இரும்பைச் சோதிக்க. வெற்றிடத்தை இணைக்காமலே ஒவ்வொரு கதவின் குமிழையும் கையால் ஏற்றி இறக்கிப் பார்க்க. உள் கைப்பிடியால் கதவு திறக்கிறதா என்று காண்க. குமிழ் இறுக்கமாக இருந்தால் அது பூட்டின் கம்பி வளைந்ததாலோ, பழைய கிரீஸ் உறைந்ததாலோ ஆகும். அதற்கு வெற்றிடம் மருந்தாகாது.

மூன்றாவது, அமைப்பு முழுவதையும் சோதிக்க. ஒருவழி வால்வுக்கு அப்பால், பூட்டுக்குச் செல்லும் குழாயைப் பிரித்துக் கைப் பம்பை அங்கு இணைக்க. 400 மில்லிமீட்டர் வரை, அதாவது சுமார் 53 கிலோபாஸ்கல் வரை, மெல்ல இழுக்க. நிறுத்தி, ஒவ்வொரு நிமிடமும் முள் நிற்கும் இடத்தைக் குறிக்க. ஓட்டுநர் கதவு பூட்டிய நிலையில் ஒருமுறையும் திறந்த நிலையில் ஒருமுறையும் செய்க. பூட்டிய நிலையில் மட்டும் முள் இறங்கினால் பூட்டும் குழாயின் பக்கத்திலும், திறந்த நிலையில் மட்டும் இறங்கினால் திறக்கும் குழாயின் பக்கத்திலும் குற்றம் உள்ளது. இரண்டிலும் இறங்கினால் இரண்டுக்கும் பொதுவான சேமக்கலம், வால்வு, தலைக்குழாய் ஆகியவற்றை நோக்குக.

நான்காவது, பாதியாகப் பிரிக்க. இடப்பக்கத்திற்கும் வலப்பக்கத்திற்கும் பிரியும் இணைப்பில் ஒரு பக்கத்தை அடைத்துச் சோதிக்க, பின் மறுபக்கத்தை. குற்றமுள்ள பாதியை மீண்டும் பாதியாக்குக. இவ்வாறு செய்தால் மூன்று நான்கு அடைப்புகளில் குற்றமுள்ள கதவு அகப்படும். எல்லாக் கதவுகளையும் பிரித்துப் போட வேண்டிய தேவை இராது.

ஐந்தாவது, அக்கதவின் திரைப்பெட்டியைத் தனியே சோதிக்க. இரு வாய்களிலும் மாறி மாறி வெற்றிடம் தருக. கம்பி தடையின்றி ஓட வேண்டும். முள் நிற்க வேண்டும். கம்பி ஓடி முள் இறங்கினால் திரையில் சிறு பிளவு உண்டு. திரைப்பெட்டி நன்றாக இருந்தும் கதவு கசிந்தால், கீலின் அருகே கதவு திறந்து மூடும்போதெல்லாம் வளையும் குழாயையும், ரப்பர் இணைப்புகளையும் ஆராய்க. ரப்பர் முதிர்ந்து வெடிப்பது அங்கேதான் மிகுதி.

ஆறாவது, ஒருவழி வால்வைச் சோதிக்க. ஒரு பக்கம் உறிஞ்சினால் காற்று தாராளமாக வர வேண்டும். மறுபக்கம் உறிஞ்சினால் முள் நிற்க வேண்டும்.

மின்சாரப் பம்பு உள்ள டபிள்யூ 124 வகையில் பூட்டும் திசையை மட்டும் கைப் பம்பினால் சோதிக்க. திறக்கும் திசையை வண்டியின் சொந்தப் பம்பினாலேயே இயக்கிப் பார்க்க. அப்பம்பு தருவதற்கு மேற்பட்ட அழுத்தத்தை வேறெதனாலும் தரலாகாது.

பெங்களூர் ஜே.சி. சாலையிலும் பிற உதிரிப் பாகக் கடைகளிலும் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய திரைப்பெட்டிகள் வாங்குவோர், கதவில் பொருத்துமுன் இந்த ஐந்தாவது சோதனையைக் கடை வாசலிலேயே செய்துகொள்வது நலம்.

எவ்வளவு கசிகிறது?

முள் எவ்வளவு இறங்கினால் குற்றம்? தயாரிப்பாளரின் கைப்புத்தகம் அளவு தந்திருப்பின் அதுவே தீர்ப்பு. அவ்வளவு இல்லாதபோது, முள்ளின் இறக்கத்தை மட்டும் நம்பாமல் உள்ளே புகுந்த காற்றைக் கணக்கிட வேண்டும்.

ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள சேமக்கலத்தில் முள் ஒரு நிமிடத்தில் 400இலிருந்து 360க்கு இறங்கியது எனக் கொள்வோம். வெளிக்காற்று 680 மில்லிமீட்டர் ஆதலால், உட்புகுந்த காற்று ஒரு லிட்டரில் 680இல் 40 பங்கு; அதாவது 59 கனசென்டிமீட்டர். இது பெருங்கசிவு. அதே 40 மில்லிமீட்டர் இறக்கம், 50 கனசென்டிமீட்டர் மட்டுமே கொள்ளும் ஒரு திரைப்பெட்டியிலும் குழாயிலும் ஏற்பட்டால் உட்புகுந்தது 3 கனசென்டிமீட்டர்தான்.

இதனை மறுபக்கமாகப் பார்க்க. நிமிடத்திற்கு 3 கனசென்டிமீட்டர் கசியும் ஒரு திரைப்பெட்டி, ஒரு லிட்டர் சேமக்கலத்தோடு சேர்த்துச் சோதிக்கப்படும்போது முள்ளை நிமிடத்திற்கு 2 மில்லிமீட்டரே இறக்கும். கண் அதைக் காணாது. அமைப்பு நன்றாக உள்ளது என்று எழுதிவிடுவோம். ஆனால் மாலையில் நிறுத்திய வண்டி காலையில் பூட்ட மறுக்கும். இரவு முழுவதும் அச்சிறு துளை வேலை செய்துகொண்டே இருந்தது. ஆகவே பெரிய கொள்ளளவைச் சோதிக்கும்போது நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும்; சிறு கசிவைக் காண வேண்டின் சிறு பகுதிகளாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். வெற்றிடம் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதன்று, எவ்வளவு நேரம் நின்றது என்பதே இச்சோதனையின் தீர்ப்பு. ஆழம் ஊருக்கு ஊர் மாறும்; நிலைத்து நிற்றல் எவ்வூரிலும் நிலைத்து நிற்றலே.

கதவோடு நில்லாத குற்றம்

கதவுப் பூட்டுதானே, கசிந்தால் கசியட்டும் என்று விட்டுவிடலாகாது. டீசல் எஞ்சின் பொருத்திய டபிள்யூ 123 வண்டியில், சாவியைத் திருப்பியதும் எஞ்சினை நிறுத்துவதும் வெற்றிடமே. எரிபொருள் பம்பின்மேல் உள்ள சிறு திரை ஒன்று வெற்றிடத்தால் இழுக்கப்பட்டு டீசலைத் துண்டிக்கிறது. பூட்டின் கசிவு பெரிதானால் இத்திரைக்குப் போதிய வெற்றிடம் கிட்டாது. சாவியை எடுத்த பின்னும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது பதற வேண்டுவதில்லை. பானெட்டைத் திறந்து எஞ்சினிலுள்ள நிறுத்து நெம்புகோலை அழுத்தினால் எஞ்சின் நிற்கும். ஓடும் பெல்ட்டிலும் விசிறியிலும் கையோ துணியோ சிக்காதபடி பார்த்துக்கொள்க. பின்னர் பூட்டுக்குச் செல்லும் கிளையை அடைத்துவிட்டு மீண்டும் முயன்று பார்க்க. எஞ்சின் ஒழுங்காக நின்றால் குற்றம் கதவுப் பக்கம் என்பது தெளிவு.

இவ்வகை வண்டியில் பிரேக்கின் உதவிச் சக்திக்கும் அதே வெற்றிடமே மூலம். சோதனைக்காகத் தலைக்குழாயைப் பிரித்தவர், அதை மீண்டும் இணைத்துப் பிரேக்கைச் சோதிக்காமல் வண்டியைச் சாலையில் விடலாகாது. சோதிக்கும் முறை எளிது. எஞ்சின் நின்றிருக்கும்போது பெடலைப் பலமுறை மிதித்துத் தேங்கிய வெற்றிடத்தைத் தீர்த்துவிடுக. பெடலை மிதித்தபடியே எஞ்சினை ஓட்டுக. பெடல் காலுக்கடியில் சற்றே தாழ்ந்தால் உதவிச் சக்தி வந்துவிட்டது. தாழவில்லையெனில் வண்டி பட்டறையை விட்டு நகரக்கூடாது.

கழற்றிய குழாயினுள் எண்ணெய் ஈரம் காணப்பட்டால் அதைத் துடைத்துவிட்டு மறந்துவிடலாகாது. எஞ்சின் பக்கத்துத் திரை ஒன்று பிளந்து எண்ணெயை உறிஞ்ச விடுகிறது என்பதன் அடையாளம் அது. எண்ணெய் பட்ட ரப்பர் விரைவில் ஊறிக் கெடும்.

செய்யத் தகாதவை

வாயால் உறிஞ்சிப் பார்த்தல் கூடாது. எண்ணெயும் டீசலும் வாய்க்குள் வரக்கூடும். கசிவைக் காணப் பெட்ரோல், மண்ணெண்ணெய் போன்றவற்றைத் தெளித்தலோ, ஊதுவத்திப் புகையையும் தீயையும் எஞ்சினருகே கொண்டுபோதலோ கூடாது. சோப்பு நீர் தடவுவதும் இங்குப் பயன்படாது. உள்ளிருந்து காற்று வெளியேறும் டியூபில்தான் குமிழி எழும். வெற்றிடக் குழாய் அந்நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். குமிழி தோன்றாது, குழாய்தான் ஈரமாகும். சைக்கிள் கடையில் கற்ற முறை ஒவ்வொன்றும் எல்லா இடத்திற்கும் பொருந்தாது என்பதற்கு இதுவே சான்று.

வகுப்பறையில்

வண்டி இல்லாத பள்ளியிலும் இப்பாடத்தை நடத்தலாம். ஊசி இல்லாத பெரிய மருந்தூசிக் குழல் ஒன்று, சிறு ரப்பர்க் குழாய், கிளிப்பு ஆகியவை போதும். ரப்பர்க் குழாயைக் குழலின் வாயில் பொருத்தி, உந்துதண்டு உள்ளே இருக்கும்போது கிளிப்பினால் குழாயை இறுக்குக. தண்டை மாணவன் வெளியே இழுத்துப் பிடிக்கட்டும்; காற்று அதை உள்ளே தள்ளுவதைக் கை உணரும். தண்டை விட்டால் அது திரும்பி ஓடும். பின்னர்க் கிளிப்பைச் சற்றே தளர்த்தித் தண்டை இழுத்துச் சிறிது நேரம் பிடித்திருந்து விடச் சொல்க. இம்முறை தண்டு முழுவதும் திரும்பாது; குறைந்த தூரமே, தளர்ந்த கிளிப்பின் வழியே உட்புகுந்த காற்றின் அளவு. கசிவை அளத்தல் என்பது இவ்வளவே.

பயிற்சிக் கேள்விகள்

1. காற்றில் நான்கில் மூன்று பங்கை அகற்றும் பம்பு சென்னையிலும் பெங்களூரிலும் உதகையிலும் எத்தனை மில்லிமீட்டர் காட்டும்?

2. குறுக்களவு 5 சென்டிமீட்டர் உள்ள திரையைப் பெங்களூரின் முழு வெற்றிடம் எவ்வளவு விசையுடன் இழுக்கும்? அதே திரையைக் கம்பரஸரின் 7 கிலோகிராம் அழுத்தம் எவ்வளவு விசையுடன் தள்ளும்?

3. அரை லிட்டர் கொள்ளளவுள்ள அமைப்பில் பெங்களூரில் முள் பத்து நிமிடத்தில் 34 மில்லிமீட்டர் இறங்கிற்று. நிமிடத்திற்கு உட்புகுந்த காற்று எவ்வளவு?

4. இரயிலின் வெற்றிட பிரேக்கும் வண்டியின் வெற்றிடப் பூட்டும் வெற்றிடத்தை இழக்கும்போது எவ்வாறு வேறுபடுகின்றன? இவ்வேறுபாட்டினால் சோதனையில் எது முதலில் வர வேண்டும்?

இவற்றுக்கு விடை கண்ட மாணவன், கதவுப் பூட்டு ஒன்றைப் பழுது பார்க்க மட்டும் கற்றவனல்லன். கருவி காட்டும் எண்ணை அது நிற்கும் இடத்தோடு சேர்த்துப் படிக்கவும், வண்டியைத் தொடுமுன் அதனுள் ஆள் உண்டா என்று பார்க்கவும் பழகியவன் ஆவான். பட்டறையில் இவ்விரு பழக்கங்களும் ஒருங்கே வேண்டும்.